அடுப்பை ஆராய்ந்த அறிஞர் ரம்ஃபோர்டு

வானத்து மீன்களை ஆராய்ந்த அறிஞர்களைப் பற்றி நாம் பள்ளி நாள் முதல் படித்து வருகிறோம். கடலின் ஆழத்தையும் மலையின் உயரத்தையும் அளந்தவர்களின் வரலாறும் நமக்குத் தெரியும். அடுப்பை அளந்த அறிஞர் ஒருவர் இருந்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அவருடைய இயற்பெயர் பெஞ்சமின் தாம்சன். உலகம் அவரை ரம்ஃபோர்டு பிரபு என்று அழைக்கிறது. 1753-இல் பிறந்து 1814-இல் மறைந்தவர். உலை ஏன் விரைவில் கொதிக்கவில்லை என்னும் கேள்வியை, அது சமையற்கட்டுக்கு உரியது என்று ஒதுக்காமல், ஆராய்ச்சிக்கு உரியது என்று எடுத்துக்கொண்டவர் அவர். அவருடைய வாழ்க்கையை நம் தமிழ் மன்றத்து நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இந்தப் பெரியார்மேல் எனக்குப் பற்று ஏற்பட்டதற்கு என் ஊரே காரணம். என் ஊர் வாளையார். கோயம்புத்தூரிலிருந்து பாலக்காடு செல்லும் சாலையில், தமிழகமும் கேரளமும் கைகோக்கும் இடம். மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள பெரிய வாயிலாகிய பாலக்காட்டுக் கணவாயில் அமைந்தது. அந்த வாயிலில் வீசும் காற்றின் வேகத்தை நம்பியே பக்கத்துக் கஞ்சிக்கோட்டில் காற்றாலைகளை நாட்டினார்கள். 2017-ஆம் ஆண்டு ஜூலையில் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வரும் வரையில், எங்கள் சோதனைச் சாவடியில் சரக்கு லாரிகள் நெடுந்தொலைவு வரிசையாக நிற்கும். மணிக்கணக்கில் காத்துக் கிடந்த ஓட்டுநர்கள், லாரியின் மறைவில் அடுப்பு மூட்டிச் சோறு பொங்குவார்கள். சிறுவனாக இருந்தபோது நான் அதைப் பலமுறை நின்று பார்த்திருக்கிறேன். காற்று பானையின் அடியிலிருந்து தீயைப் பிடுங்கிக்கொண்டு போகும். விறகும் எரியும், மண்ணெண்ணெயும் எரியும். உலை மட்டும் கொதிக்காது. விவரம் தெரிந்த ஓட்டுநர் ஒரு தகரத்தை வளைத்து அடுப்பைச் சுற்றி நிறுத்துவார். சற்று நேரத்தில் உலை தளதளவென்று கொதிக்கும். தீயும் அதே தீ, பானையும் அதே பானை. இந்த வேறுபாட்டைத்தான் ரம்ஃபோர்டு தம் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்டு ஆராய்ந்தார் என்று பின்னாளில் படித்தபோது, அவர் எங்கள் ஊர்ச் சாலையில் நின்ற ஒருவரைப் போலவே எனக்குத் தோன்றினார்.

அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் வூபர்ன் என்னும் ஊரில் 1753 மார்ச்சு 26-ஆம் நாள் தாம்சன் பிறந்தார். அந்நாளில் அமெரிக்கா ஆங்கிலேயரின் ஆட்சியில் இருந்தது. குடும்பம் உழவுக் குடும்பம். தாம்சன் கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தை இறந்தார். பதின்மூன்றாம் வயதில் சேலம் என்னும் ஊரில் ஒரு கடையில் வேலை பழகச் சென்றார். (நம் சேலத்தை எண்ணிவிட வேண்டாம்; அமெரிக்காவிலும் ஒரு சேலம் உண்டு.) கடையில் கணக்கு எழுதிய நேரம்போக, வெடி செய்து பார்ப்பதும் கருவிகளைப் பிரித்துப் பார்ப்பதுமே அவருக்கு விருப்பம். வெடி செய்யும்போது ஒருமுறை மருந்து தீப்பற்றி உடல் புண்பட்டது. அதனால் அவருடைய ஆர்வம் அவிந்துவிடவில்லை. பால்டுவின் என்ற நண்பருடன் நெடுந்தொலைவு நடந்தே சென்று ஹார்வர்டு கல்லூரியில் விரிவுரை கேட்டார். கல்லூரியில் சேர்ந்து பட்டம் பெறும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

பத்தொன்பதாம் வயதில், தம்மைவிட மூத்தவரும் செல்வம் மிக்கவருமான ஒரு கைம்பெண்ணை மணந்தார். அவருடைய ஊருக்கு முன்னாளில் ரம்ஃபோர்டு என்று பெயர். 1774-இல் ஒரு மகள் பிறந்தாள். அடுத்த ஆண்டு அமெரிக்க விடுதலைப் போர் மூண்டது. தாம்சன் ஆங்கில அரசின் பக்கம் நின்றார். நின்றதோடு அமையவில்லை, விடுதலை வீரர்களின் நடமாட்டத்தைக் கண்ணுக்குத் தெரியாத மையால் எழுதி ஆங்கிலப் படைக்கு அனுப்பினார். 1776-இல் மனைவியையும் மகளையும் விட்டுவிட்டு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். அந்த மனைவியை அவர் மீண்டும் காணவே இல்லை. நாட்டுக்கு விடுதலை பெற்ற தலைமுறையின் வழிவந்த நமக்கு இச்செயல் கசக்கத்தான் செய்யும். பெரியோர் வரலாற்றில் கசப்பான பக்கங்களைக் கிழித்துவிட்டுப் படிப்பது முறையன்று. ஆதலின் இதையும் சொல்கிறேன்.

இலண்டனில் அவர் விரைவில் உயர்ந்தார். வெடிமருந்தின் ஆற்றலை ஆராய்ந்தார். 1779-இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார். 1784-இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் அவருக்கு சர் பட்டம் அளித்தார். அதன்பின் செர்மானிய நாடுகளுள் ஒன்றான பவேரியாவின் அரசர் கார்ல் தியோடோரிடம் பணி ஏற்று மியூனிக் நகருக்குச் சென்றார். இங்கேதான் அடுப்பின் கதை தொடங்குகிறது.

பவேரியப் படைவீரர்கள் அந்நாளில் கிழிந்த உடையும் அரை வயிறுமாக இருந்தார்கள். மியூனிக் தெருக்களில் இரவலர் கூட்டம் நிறைந்திருந்தது. இரண்டையும் ஒருசேரத் தீர்க்கத் தாம்சன் திட்டமிட்டார். 1790 சனவரி முதல் நாள், அதிகாரிகளும் படைவீரர்களும் தெருத்தெருவாகச் சென்று இரவலர்களைப் பிடித்தார்கள். முதல் ஆளைத் தாம்சனே பிடித்தார். பிடித்தவர்களைச் சிறைக்கு அனுப்பாமல் ஒரு தொழில் இல்லத்துக்கு அழைத்துச் சென்றார். சூடான அறை, சூடான உணவு, நூல் நூற்கும் வேலை, வேலைக்குக் கூலி ஆகியவை அங்கே கிடைத்தன. நூற்ற நூல் படைவீரர்களின் உடை ஆயிற்று. பசித்தவனை வற்புறுத்தி வேலைக்கு இழுப்பது அறமா என்று நாம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆயினும் அந்த இல்லத்தில் நாள்தோறும் ஆயிரம் பேருக்குமேல் உண்டார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

ஆயிரம் பேருக்குச் சமைக்க வேண்டுமானால் விறகு மலைபோல் வேண்டும். விறகோ விலை மிக்கது. தாம்சன் சமையற்கூடத்துக்குள் நுழைந்தார். அந்நாளைய ஐரோப்பியச் சமையல் திறந்த தீயில் நடந்தது. அகன்ற கணப்பில் விறகை அடுக்கி எரித்து, அதன்மேல் பானையைத் தொங்கவிடுவார்கள். அறையின் காற்றெல்லாம் அந்தத் தீயை நோக்கிப் பாய்ந்து, வெப்பத்தை வாரிக்கொண்டு புகைபோக்கி வழியே வெளியேறும். சமையற்காரரின் முகம் வேகும்; பானை மெல்லத்தான் வேகும். விறகு போதவில்லை என்று எல்லாரும் சொன்ன இடத்தில், விறகின் வெப்பம் எங்கே போகிறது என்று தாம்சன் பார்த்தார். எவ்வளவு விறகு எரிந்தது, எவ்வளவு நீர் எத்தனை பாகை சூடேறியது என்று எடைக்கல்லையும் வெப்பமானியையும் வைத்துக் கணக்கிட்டார். எரித்த தீயில் பெரும்பகுதி பானைக்கு வந்து சேரவே இல்லை என்று கண்டார்.

அவர் கட்டிய அடுப்பு எளியது. செங்கல் மேடையில் ஒவ்வொரு பானைக்கும் ஒரு குழி. குழிக்குள் பானை கழுத்துவரை இறங்கியிருக்கும். ஒவ்வொன்றின் அடியிலும் தனித்தனியே சிறிய தீ. விறகு தரையில் கிடக்காமல் இரும்புச் சட்டத்தின்மேல் எரியும். அடியிலிருந்து காற்று வரும். காற்று வரும் வாயிலுக்குக் கதவு உண்டு. வேண்டிய அளவு திறக்கலாம். அனல் நேரே மேலே ஓடிவிடாமல், பானையின் அடியையும் பக்கங்களையும் தடவிச் சென்று புகைபோக்கியை அடையும். புகைபோக்கிக்கும் ஒரு தடுப்புத் தகடு உண்டு. நம் தாய்மார்கள் பெரிய அடுப்பில் தப்பி வரும் அனலை வீணாக்காமல் பக்கத்திலுள்ள கொடியடுப்பில் பால் சட்டியை வைப்பார்களே, அந்த அறிவும் இந்த அறிவும் ஓரினம்.

சமையற்கூடத்தோடு அவர் நிற்கவில்லை. மியூனிக் அருகே பீர் வடிசாலை ஒன்றின் பெரிய கொப்பரைக்கும் இம்முறையில் அடுப்பு அமைத்து, விறகுக் கணக்கு எழுதினார். பீர் காய்ச்சுவோர்க்குக் கொதிக்கும் நேரம் ஒரு பெரிய கவலை. முளைவிட்ட வாற்கோதுமையை ஊறவைத்து எடுத்த சாற்றைக் கொப்பரை கொப்பரையாகக் கொதிக்கவைக்க வேண்டும். அதற்கு ஆகும் விறகும் நேரமும் அவர்களுடைய இலாபத்தைத் தின்றுவிடும்.

இன்னொன்றையும் அவர் கண்டார். கொதிக்கத் தொடங்கிய நீர், மேலும் தீ வைத்தாலும் மேலும் சூடாவதில்லை. ஆவியாகி ஓடுவதே மிகும். ஆதலின் கொதி வந்தபின் பெருந்தீ எரிப்பது வீண். ஒருநாள் கெட்டியான அரிசிக் கஞ்சி மேலே ஆறியிருந்தும் உள்ளே நாவைச் சுட்டதைக் கொண்டு, நீர்மங்களில் வெப்பம் எவ்வாறு பரவுகிறது என்று ஆராய்ந்தார். சூடான நீர் மேலே ஏறுவதும் குளிர்ந்த நீர் கீழே இறங்குவதுமாகச் சுழன்றே வெப்பம் பரவுகிறது. கெட்டியான கஞ்சியில் அந்தச் சுழற்சி தடைப்படுகிறது. முதலில் உலை கொதிக்கட்டும், பிறகு அரிசியைப் போடலாம் என்று நம் பாட்டிமார் சொல்வதற்கும் இஃது ஒரு காரணம் அன்றோ?

பவேரிய அரசு அவருக்குப் பிரபுப் பட்டம் அளிக்க முன்வந்தபோது, அவர் ரம்ஃபோர்டு என்னும் பெயரைத் தேர்ந்துகொண்டார். விட்டுவந்த மனைவியின் ஊர்ப்பெயர் அது. அந்த மனைவி 1792-இல் இறந்தார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின்னரே மகள் ஐரோப்பாவுக்கு வந்து தந்தையின் முகத்தைக் கண்டாள்.

அவருடைய புகழ்பெற்ற ஆராய்ச்சியும் ஒரு கொதிக்கும் நீரின் கதையே. மியூனிக் படைக்கலச் சாலையில் பீரங்கிக் குழாயைக் குடையும்போது உலோகம் மிகவும் சூடாவதைக் கண்டார். வெப்பம் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு பாய்மம் என்று அக்கால அறிஞர்கள் நம்பினர். பிரெஞ்சு அறிஞர் லவாய்சியர் அதற்குக் கலோரிக் என்று பெயர் இட்டிருந்தார். அது பொருளாக இருந்தால் ஒருநாள் தீர்ந்துவிட வேண்டும் அல்லவா? ரம்ஃபோர்டு மழுங்கிய துளைக்கருவியை எடுத்து, பீரங்கியின் உலோகத்தை நீர்ப்பெட்டிக்குள் வைத்து, குதிரைகளைக் கொண்டு சுழற்றினார். பெட்டியில் ஏறத்தாழ எட்டரை கிலோ நீர். இரண்டரை மணி நேரத்தில் நெருப்பே இல்லாமல் அந்த நீர் கொதித்தது! சூழ்ந்திருந்தவர்கள் வியந்து நின்றார்கள். குதிரை சுற்றும் வரையில் வெப்பம் பிறந்துகொண்டே இருந்தது, தீரவில்லை. வெப்பம் பொருளன்று, அஃது ஒருவகை இயக்கம் என்று 1798-இல் அவர் வெளியிட்டார். அரை நூற்றாண்டு கழித்து அந்த உண்மைக்கு அளவுகோல் தந்தவர் ஜேம்ஸ் ஜூல். அவரும் இங்கிலாந்தில் சால்ஃபோர்டு நகரில் பீர் வடிசாலை நடத்திய குடும்பத்தினரே. இன்று நாம் வெப்பத்தை ஜூல் என்னும் அலகால் அளக்கிறோம்.

1799-இல் இலண்டனில் இராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் அறிவியல் நிலையத்தை நிறுவுவதில் ரம்ஃபோர்டு முன்னின்றார். அறிஞர் கண்ட உண்மை தொழிலாளியின் கைக்கும் இல்லத்தரசியின் அடுப்புக்கும் வந்து சேரவேண்டும் என்பது அதன் நோக்கம். ஹம்ப்ரி டேவி என்னும் இளைஞரை 1801-இல் அங்கே அமர்த்தினார். அந்த டேவியிடம் உதவியாளராகப் பின்னர் சேர்ந்தவரே மைக்கேல் பாரடே.

பிற்காலத்தில் ரம்ஃபோர்டு பாரிஸ் சென்றார். பிரெஞ்சுப் புரட்சியில் தலை வெட்டுண்டு இறந்த லவாய்சியரின் மனைவியை மணந்தார். கணவரின் கொள்கையைத் தகர்த்தவரையே அந்த அம்மையார் மணந்தது வியப்புத்தான். ஆனால் இல்லறம் இனிக்கவில்லை. அம்மையார்க்கு விருந்தும் கூட்டமும் வேண்டும். அவருக்குத் தனிமையும் ஒழுங்கும் வேண்டும். ஒருநாள் மனைவியின் விருந்தினர் வராதபடி அவர் வெளிக்கதவைப் பூட்டினார். அம்மையார் அவருடைய அழகிய பூச்செடிகளின்மேல் கொதிநீரை ஊற்றினார். 1809-இல் இருவரும் பிரிந்தனர். நீரை விரைவில் கொதிக்கவைக்கும் வழியை உலகுக்குக் காட்டியவரின் வீட்டில், கொதிநீர் இப்படியும் பயன்பட்டது. 1814 ஆகஸ்டு 21-ஆம் நாள், பாரிஸை அடுத்த ஓட்டேயில் அவர் காலமானார். தாம் சேர்ந்து படிக்க இயலாத ஹார்வர்டில் ஒரு பேராசிரியர் பதவி நிலைபெறத் தம் செல்வத்தை எழுதி வைத்திருந்தார்.

நண்பர்களே, இந்த வரலாற்றால் நமக்கு என்ன பயன்? விறகடுப்பு போய் எரிவாயு அடுப்பு வந்துவிட்டது என்று சிலர் எண்ணலாம். எரிவாயுவிலும் வெப்பம் ஓடத்தான் செய்கிறது. அமெரிக்காவில் வீட்டு முற்றத்தில் பீர் காய்ச்சுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள், புரொப்பேன் அடுப்பில் பெரிய பானையை ஏற்றிவிட்டு, எப்போது கொதிக்கும் என்று காத்திருக்கிறார்கள். நம் நாட்டில் உரிமமின்றி மது காய்ச்சுவது குற்றம். நமக்கு அது வேண்டவும் வேண்டாம். ஆயினும் அவர்கள் கவலையும், பொங்கலன்று திறந்த வெளியில் அண்டா ஏற்றும் நம் கவலையும் ஒன்றே.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அண்டாவில் 40 லிட்டர் நீர் இருக்கிறது. 30 பாகையிலிருந்து 100 பாகைக்கு ஏற வேண்டும். ஒரு லிட்டர் நீர் ஒரு பாகை ஏற 4.2 கிலோஜூல் வேண்டும். ஆகவே மொத்தம் 11,760 கிலோஜூல். ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் ஏறத்தாழ 46,000 கிலோஜூல் வெப்பம் கிடைக்கும். முழு வெப்பமும் நீரைச் சேர்ந்தால் கால் கிலோ வாயுவே போதும். மணிக்கு ஒரு கிலோ எரிக்கும் அடுப்பு நம்மிடம் இருப்பதாகக் கொள்வோம். வெப்பத்தில் நூற்றுக்கு 30 பங்கு மட்டும் அண்டாவைச் சேர்ந்தால் 51 நிமிடம் ஆகும். 50 பங்கு சேர்ந்தால் 31 நிமிடம் போதும். குமிழைச் சிறிதும் கூட்டாமல் 20 நிமிடம் மிச்சம்! ரம்ஃபோர்டின் பாடம் முழுவதும் இந்தக் கணக்கில் அடங்கியிருக்கிறது. விரைவு வேண்டுமானால் தீயைப் பெருக்கு முன், தப்பி ஓடும் தீயைத் தடுக்க வேண்டும்.

அதற்கு வழிகள் உண்டு. காற்று வரும் பக்கத்தில் தகர மறைப்பு நிறுத்துக. வாயு உருளையை மறைப்புக்கு வெளியே, தள்ளி வைக்க வேண்டும். எரிந்த வாயு வெளியேற இடம் விட வேண்டும். மூடிய அறைக்குள் இத்தகைய பெரிய அடுப்பை மூட்டவே கூடாது. அகன்ற அடியுள்ள பாத்திரத்தைத் தேர்ந்து, கொதி வரும்வரை மூடி வைக்க வேண்டும். சுடர் பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி வெளியே எழுந்தால், தாண்டியதெல்லாம் வீண் என்று அறிந்து குமிழைக் குறைக்க வேண்டும். சுடர் நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி படிந்தால், காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது என்று பொருள். சிறிய உருளையில் பெருந்தீயை நெடுநேரம் எரித்தால், உள்ளே வாயு ஆவியாகும் வேகத்தில் உருளையே குளிர்ந்து, அழுத்தம் குன்றி, தீ சோர்ந்துவிடும். அப்போது பெரிய உருளைக்கு மாறுவதே வழி. உருளையைச் சூடாக்க முயல்வது உயிரைப் பணயம் வைப்பதாகும்.

ரம்ஃபோர்டு குறையற்ற மனிதர் அல்லர். பிறந்த நாட்டைக் காட்டிக்கொடுத்தார்; கட்டிய மனைவியைக் கைவிட்டார். ஏழைகளுக்குத் தாம் வகுத்த கஞ்சியில் நீரே ஒரு சத்து என்று நம்பினார், அது தவறு. ஆயினும் ஏழையின் அடுப்பு ஓர் அறிஞனின் சிந்தனைக்கு உரியது என்று அவர் காட்டிய வழி இன்றும் தேவையாக இருக்கிறது. புகைபோக்கி இல்லாத விறகடுப்பின் முன் இன்றும் நம் நாட்டில் எத்தனையோ தாய்மார்கள் கண் கலங்கி நிற்கிறார்கள். பொறியியலும் வேதியியலும் பயிலும் நம் தோழர்கள், விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, ஒரு வெப்பமானியையும் ஒரு தராசையும் எடுத்துக்கொண்டு அம்மாவின் அடுப்பங்கரைக்குள் ஒருநாள் நுழையட்டும். எரிந்தது எவ்வளவு, உலைக்குச் சேர்ந்தது எவ்வளவு என்று அளந்து பார்க்கட்டும். நாம் பெற்ற கல்வி, பெற்றவளின் புகையைச் சிறிதேனும் குறைக்குமானால், அதைவிடச் சிறந்த பட்டம் வேறில்லை.